‘ஏ’ சர்டிபிகேட் படமும் தியேட்டர் கேட்டும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு டவுன் தியேட்டர்ல வேலை பாக்குறேன். டிக்கெட் கிழிக்கிறதுல ஆரம்பிச்சு, கவுன்டர், இப்ப மேனேஜர்னு சொல்லிக்கிறாங்க, ஆனா கூட்டம் வந்தா இன்னும் நான்தான் கேட்ல நிக்கணும். ஒவ்வொரு ஏ படம் வரும்போதும் அதே கேள்வி, அதே சண்டை, அதே "உங்க ஓனர் நம்பர் குடுங்க". வாயால சொல்லி சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் எழுதியே வச்சிரலாம்னு.

மொதல்ல, இந்த ஏ, யு, யு/ஏ எல்லாம் என்ன?

யு னா யார் வேணா பாக்கலாம். ஏ னா 18 வயசு முடிஞ்சவங்க மட்டும். நடுவுல யு/ஏ, அதாவது சின்னப் புள்ளைங்க பாக்கலாம் ஆனா அப்பா அம்மா யோசிச்சு கூட்டிட்டு வரணும். எஸ் னு ஒண்ணு இருக்கு, டாக்டர் மாதிரி குறிப்பிட்ட தொழில்காரங்களுக்கு மட்டும், நம்ம ஊரு தியேட்டருக்கு அது வரவே வராது. 1983 வரைக்கும் யு, ஏ ரெண்டுதான் இருந்துச்சு, அந்த வருஷம்தான் யு/ஏ வும் எஸ்ஸும் சேர்ந்துச்சு, படத்தை பாத்து சர்டிபிகேட் குடுக்குற போர்டு பேரும் 'சென்சார்'ல இருந்து 'சர்டிபிகேஷன்'னு மாறுச்சு. பேருதான் மாறுச்சு, நம்ம வாயில இன்னிக்கும் சென்சார்தான்.

2023ல சினிமா சட்டத்தை திருத்தி யு/ஏ வ மூணா பிரிச்சாங்க, 7+, 13+, 16+ னு. இப்ப போஸ்டர்ல யு/ஏ 16+ னு பாத்திருப்பீங்க, அது இதுதான்.

அப்ப யு/ஏ 16+ படத்துக்கு என் 10 வயசு பையனை கூட்டிட்டு வரலாமா?

வரலாம். அந்த நம்பர் உங்களுக்கு சொல்றது, எனக்கு இல்ல. பெத்தவங்க யோசிக்கிறதுக்கான வயசு மட்டும்தான் அது, வேற யாரும் அதை வச்சு தடுக்க முடியாதுனு சட்டமே சொல்லுது. நான் தடுத்தா நீங்க சண்டை போடலாம், நியாயம் உங்க பக்கம்.

நான்தான் அப்பா, நான் கூட வர்றேன், என் புள்ளைய நான் கூட்டிட்டு போறதுக்கு நீங்க யாரு தடுக்க?

இதுதான் நம்பர் ஒன் கேள்வி. ஏ படத்துக்கு அப்பா கூட வந்தாலும் அம்மா கூட வந்தாலும் கலெக்டர் கூட வந்தாலும் 18 ஆகாதவங்களை உள்ள விடக்கூடாது. யு/ஏ ல பெத்தவங்க முடிவு செல்லும், ஏ ல செல்லாது, அவ்ளோதான் வித்தியாசம்.

நீங்க கோபப்படுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. 1952 சினிமா சட்டத்துல 7ஆவது பிரிவுனு ஒண்ணு இருக்கு, ஏ படத்தை வயசு வராதவங்களுக்கு காட்டினா தண்டனை உண்டு. யாருக்கு? படம் எடுத்தவருக்கு இல்ல, நடிச்சவருக்கு இல்ல, புள்ளைய கூட்டிட்டு வந்த உங்களுக்கும் இல்ல. படத்தை காட்டுன ஆளுக்கு. அதாவது தியேட்டர்காரனுக்கு. கழுத்துல வெட்டு விழுற காட்சியை எடுத்தவர் ஏசி கார்ல போயிருவாரு, அதை ஒரு 15 வயசு பையன் பாத்துட்டானா மாட்டுறது டிக்கெட் கிழிக்கிற நாங்க. ஒரே ஒரு டார்ச் லைட்டை வச்சுக்கிட்டு.

கைக்குழந்தை சார், அதுக்கு என்ன தெரியப் போகுது?

ஒண்ணும் தெரியாதுதான். ஆனா சட்டத்துல 'புரியிற வயசு'னு எல்லாம் இல்ல, 18 முடிஞ்சா பெரியவங்க, முடியலனா இல்ல, 6 மாசக் குழந்தையும் 17 வயசு பையனும் அதுக்கு ஒண்ணுதான்.

போன வருஷம் ஒரு பொண்ணு, கல்யாணமாகி ரெண்டு வருஷம் இருக்கும், இடுப்புல குழந்தை, புருஷன் ரெண்டு டிக்கெட்டை கையில வச்சிட்டு நிக்கிறாரு. "பிரசவத்துக்கு அப்புறம் இன்னிக்குதாண்ணே வெளிய வர்றேன், தூங்கிரும்ணே"னு அந்தப் பொண்ணு சொல்லுது. குழந்தை நிஜமாவே தூங்கிட்டுதான் இருந்துச்சு, தோள்ல வாயைப் பொளந்துக்கிட்டு. நான் விடல. அன்னிக்கு ஊர்ல செக்கிங் வர்றாங்கனு பேச்சு இருந்துச்சு. அவங்க படியில இறங்கிப் போனதைப் பாத்துட்டு பக்கத்துல இருந்த சமோசா கடைக்கார அண்ணன், "உனக்கெல்லாம் சோறு இறங்குமாடா"னு கேட்டாரு. அன்னிக்கு இறங்கல, உண்மையை சொன்னா.

எனக்கு அடுத்த மாசம் 18. ப்ளீஸ்ணா.

அடுத்த மாசம் வாங்க தம்பி. படம் இருந்தா.

பக்கத்து ஊரு தியேட்டர்ல விட்டாங்களே, நீங்க மட்டும் என்ன யோக்கியமா?

இதுக்கு பதில் சொல்றதுதான் கஷ்டம், ஏன்னா நீங்க சொல்றது உண்மை. சிட்டில மல்டிப்ளக்ஸ்ல ஐடி பாக்குறாங்க, ஆதார் கேக்குறாங்க, ஆன்லைன்ல டிக்கெட் எடுக்கும்போதே இது 18+ படம்னு காட்டி ஓகே வாங்கிட்டுதான் பணம் கட்ட விடுறாங்க. பெரிய கம்பெனி, நாளைக்கு ஒரு வீடியோ வைரல் ஆனா அவங்க பேரு கெடும், அதனால கறாரா இருக்காங்க. எங்கள மாதிரி டவுன்ல, கிராமத்துல இருக்கிற சிங்கிள் ஸ்க்ரீன்ல பாதி பேரு கண்டுக்கிறதே இல்ல. பெரிய ஹீரோ படம் முதல் நாள், 5 மணி கூட்டத்துல 600 பேரு ஒரே கேட்ல முட்டிக்கிட்டு வரும்போது மீசை முளைச்சிருக்கா இல்லையானு எங்க பாக்குறது. நானும் விட்டிருக்கேன், இல்லனு சொல்ல மாட்டேன். அதனாலதான் ஒரே படத்துக்கு மதுரையில அழுதுட்டு திரும்பிப் போன பையன் நம்ம ஊருக்கு பஸ் ஏறி வந்து பாக்குறான்.

டிக்கெட் ஆன்லைன்ல எடுத்துட்டேன், இப்ப உள்ள விடலனா காசு திருப்பி தருவீங்களா?

பெரும்பாலும் கிடைக்காது. புக் பண்ணும்போது 18+ னு காட்டுறதுல ஓகே குடுத்துட்டீங்க, அதையே காட்டுவாங்க. கவுன்டர்ல எடுத்த டிக்கெட்னா அந்தந்த தியேட்டர் மனசைப் பொறுத்தது. எங்ககிட்ட, ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்தா வேற ஆளுக்கு அதே டிக்கெட்டை வித்துட்டு காசை குடுத்துருவோம். ஆரம்பிச்ச பிறகு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, அந்த சீட்டு செத்த சீட்டு.

ஏ னாலே 'அந்த மாதிரி' படம்தானே?

இல்லவே இல்ல, ஆனா ஏன் அப்படி நினைக்கிறீங்கனு தெரியும். ஒரு காலத்துல மலையாளத்துல இருந்து டப்பிங் ஆகி வந்த படம், காலை 11 மணி காட்சி மட்டும், போஸ்டர்ல ஏ வ மட்டும் தேங்காய் சைஸ்ல போட்டு ஒட்டுவாங்க, பாக்க வர்றவங்க கர்ச்சீப்பை முகத்துல கட்டிக்கிட்டு இருட்டுன பிறகு உள்ள வந்து லைட் போடுறதுக்குள்ள வெளிய போயிருவாங்க. அந்த ஏ ஒட்டுன கறை இன்னும் போகல. இன்னிக்கும் எங்க தெருவுல "இந்த வாரம் ஏ படம் போட்டிருக்கோம்"னு சொன்னா வீட்ல ஒரு மாதிரி பாக்குறாங்க.

ஆனா தமிழ்ல மொதல்ல ஏ வாங்குன படம்னு சொல்றது எதைனு தெரியுமா? 1951ல வந்த எம்.ஜி.ஆர். நடிச்ச மர்மயோகி. ஆபாசத்துக்கு இல்லங்க, பேய்க்கு! ஆவி வர்ற மாதிரி காட்சி இருந்துச்சுனு ஏ குடுத்தாங்க. இப்ப அதே படத்தை ஒரு யூகேஜி புள்ளைக்கு போட்டுக் காட்டினா சிரிக்கும்.

இப்ப வர்ற ஏ எல்லாம் முக்கால்வாசி ரத்தத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும்தான். வட சென்னை, விடுதலை, ராயன், எல்லாம் ஏ. குடும்பத்தோட வந்து நெளியிற மாதிரி ஒண்ணும் இல்ல, ஆனா கத்தி, குத்து, போலீஸ் லாக்கப் அடினு பெரியவங்களே கண்ணை மூடுற இடம் இருக்கு.

இந்த சர்டிபிகேட்டை யாரு, எப்படி குடுக்குறாங்க?

போர்டோட தலைமை ஆபீஸ் மும்பை, மொத்தம் 9 ஊர்ல கிளை ஆபீஸ், நமக்கு சென்னை. ஒரு சின்ன கமிட்டி படத்தை பாக்கும், இந்த இடத்தை வெட்டு, இந்த வார்த்தையை மியூட் பண்ணு, பண்ணா யு/ஏ, அப்படியே வேணும்னா ஏ, இந்த மாதிரி பேச்சு நடக்கும். ஒத்து வரலனா ரிவைசிங் கமிட்டிக்கு, அதாவது படத்தை திரும்ப பாக்குற இன்னொரு கமிட்டிக்கு போகலாம். அதுக்கும் மேல டெல்லியில ஒரு ட்ரிப்யூனல் இருந்துச்சு, அதை 2021ல மூடிட்டாங்க, அதனால இப்ப நேரா ஹைகோர்ட்தான்.

இதுல ஒரு கூத்து என்னன்னா, ரிலீஸ் தேதியை மொதல்லயே அறிவிச்சிடுறாங்க, படம் சென்சாருக்கு போறதோ கடைசி ஒரு வாரம் பத்து நாள்ல. கோர்ட்டுக்கு போக நேரம் ஏது? அதனால ஒண்ணு வெட்டணும், இல்ல ஏ வோட வரணும்.

கூலி படத்துக்கு என்னதான் ஆச்சு?

2025 ஆகஸ்ட் 14, சுதந்திர தின லீவு, ரஜினி படம், லோகேஷ் கனகராஜ் டைரக்ஷன். வருஷத்துக்கே பெரிய படம். அதுக்கு ஏ. ரஜினி படம்னா என்ன அர்த்தம், தாத்தா, அப்பா, பேரன் மூணு தலைமுறையும் ஒரே வரிசையில உக்காந்து விசில் அடிக்கிறது, அதுல பேரன் வரக்கூடாதுனா எப்படி இருக்கும். தயாரிச்ச சன் பிக்சர்ஸ் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போனாங்க, இதே மாதிரி சண்டை இருந்த கே.ஜி.எஃப்., பீஸ்ட் படத்துக்கெல்லாம் யு/ஏ குடுத்தீங்களே எங்களுக்கு மட்டும் ஏன் ஏ னு. வெட்ட சொன்னோம், அவங்க ஒத்துக்கலனு போர்டு தரப்புல சொன்னாங்க. ஆகஸ்ட் 28, கோர்ட் மனுவை தள்ளுபடி பண்ணிருச்சு. அதுக்குள்ள ரெண்டு வாரம் ஓடிப்போச்சு, பாக்க வேண்டிய கூட்டம் எல்லாம் பாத்து முடிச்சாச்சு.

என் கருத்தை கேட்டா, அந்தப் படத்துல வெட்டுக் குத்து இருந்துச்சு, ஏ குடுத்ததுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அதே அளவு வெட்டுக் குத்து இருக்கிற இன்னொரு படம் யு/ஏ வோட வந்து நிக்கும்போது, கேட்ல நிக்கிற நான் ஜனங்களுக்கு என்ன விளக்கம் சொல்றது? "அந்தப் படத்துல விட்டீங்க, இதுல ஏன் விடல"னு ஒரு அம்மா கேட்டா என்கிட்ட பதில் இல்ல. கமிட்டி கிட்ட இருக்கணும், அவங்க கேட்டுக்கு வர்றதில்ல.

ஏ வாங்கினா வசூல் அடிபடுமா? அனிமல் எல்லாம் ஓடுச்சே?

ஓடுச்சு. 2023 டிசம்பர்ல வந்த இந்திப் படம் அனிமல் 3 மணி நேரம் 21 நிமிஷம், ஏ, ஊரெல்லாம் பேச்சு. ஏ போட்டா ஓடாதுனு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஓடும், ஆனா ஆள் மாறும்.

எப்படி மாறும்னு சொல்றேன். எங்க டிக்கெட் 130 ரூபானு வச்சுக்கங்க. ஒரு ஏழாங்கிளாஸ் பையனை நான் உள்ள விடலனா எனக்கு நஷ்டம் 130 இல்ல. அவனை தனியா வீட்ல விட்டுட்டு அப்பா அம்மா வர மாட்டாங்க, அம்மா வரலனா தங்கச்சி வர மாட்டா, பாட்டி வர மாட்டாங்க. ஒரு பையனை தடுத்தா அஞ்சு டிக்கெட் போச்சு. அஞ்சு டிக்கெட் மட்டுமா? பெரிய படம்னா முதல் வாரம் வசூல்ல பெரும்பங்கு வினியோகஸ்தருக்கு ஷேரா போயிரும், எங்களுக்கு மிஞ்சறது கேன்டீனும் பார்க்கிங்கும்தான். குடும்பம் வந்தா இடைவேளைல பெரிய பாப்கார்ன், நாலு கூல்ட்ரிங்ஸ், அந்தக் குட்டிக்கு ஒரு ஐஸ்க்ரீம், அது கீழ போட்டுட்டு அழுததுக்கு இன்னொரு ஐஸ்க்ரீம். பசங்க கூட்டம் வந்தா? இடைவேளைல கும்பலா வெளிய போய் எதிர்க்க டீக்கடைல ஒரு டீ, ஒரு தம், திரும்பி வந்துருவானுங்க. கேன்டீன் எடுத்திருக்கிறவரு ஏ படம் வந்தாலே மூஞ்சியை தூக்கி வச்சுக்குவாரு.

ஷோவும் மாறும். முதல் மூணு நாள் வித்தியாசமே தெரியாது, நைட் ஷோ ஃபுல்லு. ஞாயிறு மேட்னிலதான் தெரியும், குடும்பம் வர்ற ஷோ அது, அங்க பால்கனி காலியா கிடக்கும். ரெண்டாவது வாரம் தாங்குறது குடும்பக் கூட்டத்தாலதான், ஏ படத்துக்கு அது இல்ல, அதனால படம் நல்லா இருந்தாலும் சீக்கிரம் இறங்கிரும். பொங்கல் தீபாவளி ஸ்கூல் லீவுல ஏ படம் போட்டா இன்னும் வலிக்கும், லீவே புள்ளைங்களுக்குத்தானே. எம்.ஜி. குடுத்து, அதாவது இவ்ளோ வசூல் ஆகும்னு முன்பணம் கட்டி படம் எடுத்த ஆளு சர்டிபிகேட் வர்ற வரைக்கும் தூங்க மாட்டாரு.

காலேஜ் பசங்களுக்கு மட்டும் ஏ ஒரு விளம்பரம். "ஏ வாம்டா, கட்டே இல்லையாம்டா"னு அதுக்குனே வருவானுங்க. அதை நம்பி படம் எடுக்கிறவங்களும் இருக்காங்க.

முன்னாடி எல்லாம் 'யு' வேணும்னு தயாரிப்பாளர் ஏன் அப்படி அலைஞ்சாங்க?

வரி சார், வரி. 2006ல தமிழ்ல பேர் வச்சா கேளிக்கை வரி கிடையாதுனு அரசாங்கம் சொல்லுச்சு, உடனே ஆங்கிலப் பேர் எல்லாம் மாறுச்சு. 2011ல ஆட்சி மாறுன பிறகு, தமிழ்ப் பேர் மட்டும் பத்தாது, யு சர்டிபிகேட்டும் இருக்கணும், தமிழ்ப் பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு நிபந்தனை போட்டாங்க. அப்ப யு/ஏ வந்தாலே வரி விலக்கு போச்சு. ஏ வ விடுங்க. அதனால அந்த வருஷங்கள்ல நல்லா ரத்தம் ஓடுற படம் எல்லாம் அங்கங்க வெட்டி, மங்கலாக்கி, எப்படியாவது யு வாங்கிட்டு வரும், நாங்க சின்னப் புள்ளைங்களை வரிசையா உள்ள விடுவோம், உள்ள போனா அரிவாள். 2017 ஜூலைல ஜி.எஸ்.டி. வந்துச்சு, பழைய வரி விலக்கு கதை முடிஞ்சுது, அப்புறம் யு வுக்கு அந்த மவுசு இல்ல. இப்ப யு/ஏ வந்தா போதும்னு இருக்காங்க. ஏ வந்தா டிவில மாட்டிக்கும், அந்தக் கவலை மட்டும் இருக்கு.

டிவில என்ன மாட்டிக்கும்?

ஏ படத்தை அப்படியே டிவில போட முடியாது. வெட்டி, திரும்ப போர்டுக்கு போய், டிவிக்குனு தனியா யு இல்ல யு/ஏ சர்டிபிகேட் வாங்கணும். "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன"னு அடிவயித்துல இருந்து ஒரு குரல் வருமே, அந்தக் குரலுக்கு பின்னாடி பெரிய காசு இருக்கு, சேட்டிலைட் ரைட்ஸ். வெட்டி குடுத்தும் கிடைக்கலனா? மலையாளப் படம் மார்கோவுக்கு 2025ல அப்படித்தான் டிவி சர்டிபிகேட்டை மறுத்துட்டாங்க, வன்முறை அவ்ளோ இருக்குனு. வெட்ட ஆரம்பிச்சா மிஞ்சறது டைட்டில் கார்டுதான் போல.

ஓடிடில எல்லாரும் பாக்குறாங்களே, தியேட்டர்ல மட்டும் எதுக்கு இந்தக் கெடுபிடி?

நியாயமான கேள்வி. ஓடிடிக்கு அந்த போர்டு கிடையாது, 2021ல வந்த ஐ.டி. விதிகள் படி அவங்களே வயசு போட்டுக்கணும், பேரன்டல் லாக் வைக்கணும், ஏ னா வயசை உறுதி பண்ற ஏற்பாடு வேணும். விதி அதுதான். நடக்கிறது என்னன்னா அப்பா போன்ல பின் நம்பர் புள்ளைக்குத்தான் தெரியும், அப்பாவுக்கு மறந்துரும்.

நாலு வாரம் கழிச்சு அதே படம் வீட்டு ஹால்ல ஓடும், அதே ஏழாங்கிளாஸ் பையன் சோபால சாஞ்சுக்கிட்டு பாப்பான், என் கேட்ல அவனை நிறுத்துனதுல என்ன பிரயோஜனம்னு எனக்கே தோணும். ஆனா இன்னொண்ணும் பாத்திருக்கேன். ஒரு லாக்கப் காட்சி, சவுண்டு ஸ்பீக்கர்ல அடி விழுற மாதிரியே இருக்கும், எட்டு வயசு இருக்கும் ஒரு பொண்ணு, அப்பா மடியில முகத்தை புதைச்சுக்கிட்டு காதை ரெண்டு கையால பொத்தி இருக்கு, அப்பா ஸ்க்ரீனை விட்டு கண்ணை எடுக்கல. அந்தப் புள்ளைய உள்ள விட்டது நான்தான். வீட்டு டிவினா எந்திரிச்சு அடுப்படிக்கு ஓடிரலாம், இருட்டுல நடு வரிசைல உக்காந்தா எங்க ஓடும்? அதனால கெடுபிடியே வேணாம்னு என்னால சொல்ல முடியல.

அப்ப என்ன பண்ணலாம்ங்கிறீங்க?

2016ல டைரக்டர் ஷியாம் பெனகல் தலைமையில அரசாங்கம் போட்ட கமிட்டி ஒரு யோசனை சொல்லுச்சு, யு/ஏ வ வயசு வாரியா பிரிங்க, ஏ லயும் 'எச்சரிக்கையோட ஏ'னு தனியா ஒண்ணு வைங்கனு. முதல் பாதியை வேற வயசு வச்சு எடுத்துக்கிட்டாங்க, ரெண்டாவதை விட்டுட்டாங்க. என்னைக் கேட்டா ரெண்டு மாத்தம் போதும். ஒண்ணு, கைக்குழந்தைக்கு ஒரு விலக்கு, 2 வயசுக்கு கீழ இருந்தா அம்மா இஷ்டம்னு விட்டுரலாம். ரெண்டு, சர்டிபிகேட்டை ரிலீஸுக்கு ஒரு மாசம் முன்னாடி குடுத்துரணும், அப்பதான் ஜனங்களுக்கு தெரிஞ்சு டிக்கெட் எடுப்பாங்க. இப்ப புக்கிங் திறக்கும்போது கூட சில சமயம் சர்டிபிகேட் வந்திருக்காது, டிக்கெட்டை எடுத்துட்டு வந்து என்கிட்ட சண்டை போடுறாங்க.

என்ன ஐடி கொண்டு வரணும்?

பிறந்த தேதி இருக்கிற எதுவா இருந்தாலும் சரி. ஆதார், ஓட்டர் ஐடி, லைசென்ஸ், போன்ல இருக்கிற டிஜிலாக்கர் கூட ஓகே. காலேஜ் ஐடில தேதி இருக்காது, அதை காட்டாதீங்க. ஆதாரை போட்டோ எடுத்து வருஷத்தை எடிட் பண்ணி கொண்டு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை தம்பி: போன மாசம் ஒருத்தன் 2009ஐ 1999னு மாத்திட்டு வந்தான், பக்கத்துலயே அவங்க அக்கா, அவ ஆதார்ல 2004.